பட்டாம்பூச்சியின் மஞ்சள் – 7: வைட்டமினுக்கு ஒரு பகைவன்

சென்ற வாரம் 1945 ஆகஸ்ட் மாதக் கடைசியில் நிறுத்தியிருந்தோம். ஃபோலிக் அமிலத்தை ஆய்வுக்கூடத்திலேயே செய்துவிட்டோம் என்று 16 பேர் சேர்ந்து 'சயன்ஸ்' இதழில் அறிவித்த நேரம் அது.

இந்த வாரம் சேர்ந்திருக்கும் வாசகர்களுக்காக வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். குற்றால மலையடிவாரத்தில் சாரல் நின்ற வெயிலில் பறக்கும் வெள்ளை, மஞ்சள் பட்டாம்பூச்சிகளில் தொடங்கினோம். அந்த வகைப் பூச்சிகளின் சிறகுத் தூளில் இருக்கும் நிறப்பொருளை 1889-ல் ஆராயத் தொடங்கியவர் ஆங்கிலேயரான கௌலண்ட் ஹாப்கின்ஸ். 1925-ல் ஜெர்மனியில் வீலாண்டும் ஷாப்பும் அதைத் தனியே பிரித்தார்கள். 1940 வாக்கில் புர்மன் அதன் அமைப்பைக் கண்டார்: அறுகோண வளையங்கள் இரண்டு ஒட்டி நிற்க, அவற்றுக்குள் நான்கு நைட்ரஜன் அணுக்கள். இதுதான் டெரிடின்.

மறுபக்கம், பம்பாயில் ரத்தம் வெளுத்துப்போன கர்ப்பிணிகளைக் கண்டு அதற்கு மருந்து தேடினார் லூசி வில்ஸ். 1929-ல் குன்னூர் பாஸ்டர் நிலையத்திலும், 1931 தொடக்கத்தில் சென்னைத் திருவல்லிக்கேணி கோஷா ஆஸ்பத்திரியிலும் அவர் வேலை செய்ததைப் பார்த்தோம். மலிவான ஈஸ்ட் சாறு அந்தப் பெண்களை எழுப்பி உட்காரவைத்தது. அந்தச் சாற்றுக்குள் ஒளிந்திருந்த பொருள்தான் ஃபோலிக் அமிலம் என்று பின்னால் தெரிந்தது. அதன் ஒரு முனையில் அதே டெரிடின் வளையம்!

இனி கதை இருட்டுப் பக்கம் திரும்புகிறது.

*

ஏழாவது பெயர்

அந்த 'சயன்ஸ்' கட்டுரையின் 16 பெயர்களில் முதல் எட்டும் லெடர்லி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்தவர்களுடையவை. அவை ஆங்கில அகரவரிசையில் அடுக்கப்பட்டிருந்தன. ஏழாவது பெயர் ஒய். சுப்பாராவ். அந்த ஆய்வுக்கூடம் முழுவதற்கும் ஆராய்ச்சித் தலைவர் அவர்தான். அவர் கேட்டிருந்தால் பெயரை முன்னால் போட்டிருப்பார்கள், அவர் கேட்கவில்லை.

எல்லாப்ரகட சுப்பாராவ் 1895-ல் பீமவரத்தில் பிறந்தவர். அன்று அது சென்னை மாகாணம். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று அவரை ஆளாக்கிய இடங்கள் எல்லாம் நம் சென்னையில்தான். காந்தியின் அழைப்பைக் கேட்டுக் கதர் உடுத்தினார். அறுவைச் சிகிச்சைப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. விளைவு, எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லை, அதற்குக் கீழான எல்.எம்.எஸ். சான்றிதழ்தான் கொடுத்தார்கள். சென்னை ஆயுர்வேதக் கல்லூரியில் பாடம் நடத்தினார். 1922-ல் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏறினார். ஊருக்குத் திரும்பவே இல்லை.

ஹார்வர்டில் ஃபிஸ்கேயுடன் சேர்ந்து ரத்தத்தில் பாஸ்பரஸை அளக்கும் முறையைக் கண்டார். உலகெங்கும் உயிர்வேதியியல் மாணவர்கள் இன்றும் அதை இருவர் பெயராலும் படிக்கிறார்கள். தசை இயங்குவதற்கான ஆற்றலைத் தரும் ஏ.டி.பி.யை 1929-ல் கண்டறிந்ததிலும் அவருக்குப் பங்குண்டு. இவ்வளவுக்குப் பிறகும் ஹார்வர்டு அவருக்கு நிரந்தரப் பதவி தரவில்லை. 1940-ல் நியூயார்க்குக்கு வடக்கே பேர்ல் ரிவரில் இருந்த லெடர்லிக்குப் போனார்.

அவர் ஃபோலிக் அமிலத்தின் பின்னால் போனதற்குச் சொந்தக் காரணமும் உண்டு என்றே நினைக்கிறேன். இளம் வயதில் உடன்பிறந்தவரை ஸ்ப்ரூ நோய்க்குப் பறிகொடுத்தவர் அவர். தின்றது ஒட்டாமல், நாக்கு வெந்து, வயிறு போய், ரத்தம் வற்றி ஆளைக் கரைக்கும் நோய் அது. சுப்பாராவின் கூடத்தில் உருவான ஃபோலிக் அமிலத்தை டாம் ஸ்பைஸ் என்ற மருத்துவர் கியூபாவுக்கும் போர்ட்டோ ரிக்கோவுக்கும் கொண்டுபோய் ஸ்ப்ரூ நோயாளிகளுக்குக் கொடுத்தார். சில நாளில் நாக்குப் புண் ஆறியது, பசி எடுத்தது, ரத்தம் ஊறியது.

உடன்பிறந்தவரைக் கொன்ற நோய்க்கு மருந்து செய்து முடித்த மனிதர் அதோடு ஓய்ந்திருக்கலாம். அவருக்கு வேறொரு பார்சல் அனுப்ப வேண்டியிருந்தது. பாஸ்டனுக்கு.

*

எலிகள் தந்த நம்பிக்கை

பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனையில் நோயியல் மருத்துவராக இருந்தவர் சிட்னி ஃபார்பர். 1903-ல் பிறந்தவர். இறந்த குழந்தைகளின் உறுப்புகளை உருப்பெருக்கியில் பார்த்து, எதனால் இறந்தார்கள் என்று எழுதிக்கொடுப்பது அவருடைய வேலை. உயிரோடிருக்கும் குழந்தை அவர் மேசைக்கு வராது.

அவரை வாட்டிய நோய், குழந்தைகளுக்கு வரும் தீவிர ரத்தப் புற்றுநோய். எலும்பு மஜ்ஜையில் பக்குவப்படாத வெள்ளணுக்கள் கட்டுக்கடங்காமல் பெருகும். சிவப்பணு உருவாக இடமிருக்காது. ரத்தம் உறையத் தேவையான தட்டணுக்களுக்கும் இடமிருக்காது. குழந்தை வெளுக்கும், ஈறில் ரத்தம் கசியும், காய்ச்சல் விடாது. சில வாரங்கள், மிஞ்சினால் சில மாதங்கள். ரத்தம் ஏற்றுவதைத் தவிர மருத்துவர் கையில் ஒன்றுமில்லை. 1947-ல் இதுதான் நிலைமை.

அந்த நேரத்தில் நியூயார்க் மவுண்ட் சினாய் மருத்துவமனையிலிருந்து ஒரு செய்தி வந்தது. லூயிசோன் குழுவினர், மார்பில் கட்டி வந்த எலிகளுக்கு ஃபோலிக் அமிலக் குடும்பத்துப் பொருள் ஒன்றைக் கொடுத்தார்கள். சில எலிகளில் கட்டி மறைந்துவிட்டது என்றார்கள். வைட்டமினே புற்றுநோயைக் கரைக்குமா? யாருக்குத்தான் ஆசை வராது!

லெடர்லி இரண்டு பொருள்களைச் செய்து கொடுத்தது: டெரொப்டெரின், டயொப்டெரின். இரண்டும் ஃபோலிக் அமிலத்தோடு குளுட்டாமிக் அமிலம் கூடுதலாகக் கோத்தவை. அமெரிக்காவே தலையில் வைத்துக் கொண்டாடிய பேஸ்பால் வீரர் பேப் ரூத்துக்கும் 1947 கோடையில் டெரொப்டெரின் கொடுத்தார்கள். சில மாதங்கள் தேறினார். அடுத்த ஆண்டே இறந்தார். ஃபார்பர் தம் பங்குக்கு, வேறு எந்த வழியும் இல்லாத புற்றுநோயாளிகள் 90 பேருக்கு இந்தப் பொருள்களைக் கொடுத்துப் பார்த்தார். அவர்களில் ரத்தப் புற்றுநோய்க் குழந்தைகளும் இருந்தார்கள்.

*

மஜ்ஜை சொன்ன செய்தி

இங்கே கொஞ்சம் நிதானமாகப் போவோம். இந்தத் தொடரின் ஏழு வாரக் கதையும் திரும்புகிற முனை இதுதான்.

ஃபார்பர் நோயியல்காரர். நோயாளியின் முகத்தைவிட மஜ்ஜையைப் பார்த்துப் பழகியவர். மருந்து கொடுப்பதற்கு முன்னும் பின்னும் எடுத்த மஜ்ஜை மாதிரிகளையும், இறந்துபோன குழந்தைகளின் உறுப்புகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார். எதிர்பார்த்தது நடக்கவில்லை, தலைகீழாக ஏதோ நடந்திருந்தது. வைட்டமின் பெற்ற குழந்தைகளின் மஜ்ஜையில் புற்று அணுக்கள் முன்னைவிட வேகமாகப் பெருகியிருந்தன. நோய் அடங்கவில்லை, தீவிரமாகியிருந்தது.

தாம் கொடுத்த மருந்து நோய்க்குத் தீனி போட்டிருக்கிறது என்று ஒரு மருத்துவருக்குத் தெரிகிற நேரம் அது. மூடி மறைத்திருக்கலாம். குழந்தைகள் எப்படியும் பிழைத்திருக்க மாட்டார்கள், யாரும் கேட்டிருக்கவும் மாட்டார்கள். ஆனால் ஃபார்பர் அதை அப்படியே எழுதினார். 'வேகப்படுத்தும் நிகழ்வு' என்று அதற்கு ஒரு பெயரும் வைத்தார்.

அந்த வேகம் உண்மையில் மருந்தால் வந்ததுதானா, நோய் தன் போக்கில் முற்றியதா என்று பின்னாளில் சிலர் சந்தேகம் எழுப்பினார்கள். நியாயமான சந்தேகம். மருந்து பெறாத குழந்தைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கும் ஏற்பாடு அந்தச் சோதனையில் இல்லை. பெற்றோரிடம் எழுத்தில் ஒப்புதல் பெறும் இன்றைய நடைமுறையும் அன்று இல்லை. மனிதர்மீது சோதனை செய்வதற்கான நெறிகளை நியூரம்பெர்க் நீதிமன்றம் வகுத்துச் சொன்னதே அதே 1947 ஆகஸ்டில்தான். இதையெல்லாம் மறைத்துவிட்டு ஃபார்பரை வீரராக மட்டும் காட்டுவது சரியாகாது. என்றாலும் அந்த மஜ்ஜையைப் பார்த்து அவர் கேட்ட கேள்வியை நான் பெரிதாகவே மதிக்கிறேன்.

கேள்வி இதுதான்: ஃபோலிக் அமிலம் கொடுத்தால் புற்று வளர்கிறது என்றால், அதைப் பறித்தால்?

பறிக்க முடியும் என்பதற்குத் தடயம் ஏற்கெனவே இருந்தது. ஃபோலிக் அமிலம் இல்லாத தீவனத்தில் வளர்த்த குரங்குகளுக்கு வெள்ளணு குறைந்ததைப் பல ஆண்டுகளுக்கு முன்பே பார்த்திருந்தார்கள். லூசி வில்ஸின் கர்ப்பிணிகளையும் நினைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சத்து கிடைக்காதபோது அவர்களுடைய மஜ்ஜையும் ரத்தம் செய்ய முடியாமல் திணறியது. பெண்களைச் சாவின் விளிம்புக்குத் தள்ளிய அதே பற்றாக்குறையை ஒரு குழந்தையின் உடம்பில் வேண்டுமென்றே உண்டாக்க வேண்டும். அதற்குள் புற்று அணு பட்டினியால் சாக வேண்டும், குழந்தை பிழைக்க வேண்டும். துணிச்சலான கணக்கு.

கீரையையும் ஈரலையும் நிறுத்தினால் மட்டும் போதாது, அதற்கு மாதக் கணக்காகும். நாள் கணக்கில் வேலை செய்கிற பகைவன் ஒன்று வேண்டும். ஃபார்பருக்கும் சுப்பாராவுக்கும் ஹார்வர்டு பொதுவான இடம். பாஸ்டனிலிருந்து பேர்ல் ரிவருக்குக் கோரிக்கை போனது.

*

ஒரே ஓர் இடம்

போலிப் பொருளைக் கொடுத்து உயிரணுவை ஏமாற்றலாம் என்பது அப்போது புதிய எண்ணம். 1940-ல் இங்கிலாந்தில் டொனால்டு வுட்ஸ் ஒன்றைக் கண்டறிந்தார். சல்பா மருந்துகள் கிருமிகளைத் தடுப்பது விஷத்தால் அல்ல. கிருமிக்குத் தேவையான பாரா அமினோ பென்சாயிக் அமிலத்தைப் போல உருவம் காட்டி, அதன் இடத்தில் உட்கார்ந்துகொள்வதால். அந்தப் பென்சாயிக் அமிலம்தான் ஃபோலிக் அமிலத்தின் நடுப்பகுதி. கிருமிகள் ஃபோலிக் அமிலத்தைத் தாமே செய்துகொள்ளும். நமக்கு அந்த வல்லமை கிடையாது, உணவில்தான் வர வேண்டும். அதனால்தான் சல்பா கிருமியைத் தடுத்தும் நம்மை விட்டுவைக்கிறது.

புற்று அணு நம்முடைய அணு. அதற்கும் ஃபோலிக் அமிலம் வெளியிலிருந்துதான் வர வேண்டும். ஆகவே நடுப்பகுதியைப் போலி செய்தால் பயனில்லை, முழு வைட்டமினையும் போலி செய்தாக வேண்டும்.

லெடர்லியின் தாய் நிறுவனம் அமெரிக்கன் சயனமிட். அதன் வேதியியலாளர்கள், குறிப்பாக டோரிஸ் சீகரும் அவருடைய தோழர்களும், ஃபோலிக் அமிலத்தின் மூலக்கூறில் ஒவ்வோர் இடமாக மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெத்தில் சேர்த்த வடிவம் சோதனை விலங்குகளில் வைட்டமினுக்கு எதிராக வேலை செய்தது, ஆனால் வலுவில்லை. குளுட்டாமிக் அமிலத்தின் இடத்தில் அஸ்பார்ட்டிக் அமிலத்தை வைத்தார்கள். அதுவும் போதவில்லை.

பிறகு டெரிடின் வளையத்திலேயே கை வைத்தார்கள். நான்காம் இடத்தில் இருந்த ஹைட்ராக்சிலை எடுத்துவிட்டு ஓர் அமினோவைப் பொருத்தினார்கள். மற்றதெல்லாம் அப்படியே. கிடைத்தது மஞ்சள் தூள். பெயர் அமினோப்டெரின்.

சங்கரன்கோவில் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதைச் சொன்னால் சட்டென்று பிடிபடும். நாடாவுக்குள் வைக்கிற தார் அளவில் அச்சாகப் பொருந்துகிறது, ஆனால் அதிலிருந்து நூல் பிரிந்து வராது என்றால் என்ன ஆகும்? தாரை வெளியே எடுக்கவும் முடியவில்லை, ஊடையும் விழவில்லை, தறி நின்றுவிடும். அமினோப்டெரின் செய்கிற வேலை அதுதான். ஃபோலிக் அமிலத்தைப் பயன்படும் வடிவத்துக்கு மாற்றித் தருகிற நொதி ஒன்று நம் அணுக்களில் உண்டு. போலியை அது உண்மை என்று நம்பிப் பிடித்துக்கொள்கிறது, விட முடிவதில்லை. டி.என்.ஏ.வுக்குத் தேவையான தைமிடின் உருவாக வழியில்லாமல் போகிறது. டி.என்.ஏ. இல்லாமல் அணு இரண்டாக முடியாது. யார் அதிகம் பிரிகிறாரோ அவருக்கே முதல் அடி; புற்று அணுக்கள் அந்த வரிசையில் முன்னால் நிற்கின்றன.

ஆனால் அவை தனியாக நிற்கவில்லை. நல்ல மஜ்ஜை, குடலின் உள்தோல், வாயின் உள்தோல் எல்லாமே வேகமாகப் பிரிகிறவைதான். அவற்றுக்கும் அடி விழும்.

அந்த நொதியைக் கண்டறிந்து பெயரிட இன்னும் பத்தாண்டு ஆக வேண்டியிருந்தது. 1947-ல் அவர்கள் கையில் இருந்தது தூளும், எலியிலும் கோழிக்குஞ்சிலும் செய்த சோதனை முடிவுகளும்தான்.

*

டிசம்பர் 28

பாஸ்டனின் டார்செஸ்டர் பகுதியைச் சேர்ந்த சிறுவன் ஒருவன். வயது இரண்டைத் தாண்டியிருந்தது. இரட்டைப் பிள்ளை; கூடப் பிறந்தவனுக்கு நோயில்லை. 1947 ஆகஸ்டில் காய்ச்சலில் தொடங்கியது. மண்ணீரல் வீங்கியது. மஜ்ஜையைப் பார்த்தபோது சந்தேகத்துக்கு இடமில்லாமல் போனது.

செப்டம்பரில் அஸ்பார்ட்டிக் அமிலம் கோத்த போலியைக் கொடுத்துப் பார்த்தார் ஃபார்பர். பெரிதாக எதுவும் நடக்கவில்லை. மருத்துவமனைக்குள்ளேயே முணுமுணுப்பு இருந்தது. சாகப்போகிற குழந்தையை ஊசியால் குத்திக் கொடுமைப்படுத்துவானேன், நிம்மதியாகப் போக விடலாமே என்று மூத்த மருத்துவர்கள் சிலரே நினைத்தார்கள். கல்நெஞ்சத்தால் சொன்னார்கள் என்று நான் சொல்ல மாட்டேன். எத்தனையோ பொய் நம்பிக்கைகளைப் பார்த்து வெந்தவர்கள் அவர்கள்.

டிசம்பரில் சிறுவனின் நிலைமை மோசமானது. வெள்ளணு எண்ணிக்கை ஏறிக்கொண்டே போனது. நடக்க முடியவில்லை. அப்போதுதான் பேர்ல் ரிவரிலிருந்து அமினோப்டெரின் வந்து சேர்ந்திருந்தது.

டிசம்பர் 28 அன்று முதல் ஊசி போட்டார்கள். அளவு மில்லிகிராம் கணக்கில்.

ஏறிக்கொண்டிருந்த எண்ணிக்கை நின்றது. பிறகு இறங்கத் தொடங்கியது. ரத்தத்தில் பக்குவப்படாத அணுக்கள் குறைந்தன. மண்ணீரல் சுருங்கியது. வயிறு தணிந்தது. பசி திரும்பியது. படுக்கையை விட்டு எழ முடியாதிருந்த பிள்ளை எழுந்து நடந்தான். கூடப் பிறந்தவனோடு விளையாடினான்.

கத்தி வைத்து வெட்டி எடுக்கவே முடியாத, உடம்பெங்கும் ரத்தத்தில் ஓடுகிற ஒரு புற்றுநோயை ஒரு மூலக்கூறு பின்வாங்க வைத்தது. அந்த மூலக்கூறை ஒருவர் திட்டமிட்டு வரைந்து, செய்து, கொண்டுவந்து கொடுத்திருந்தார். மற்றக் குழந்தைகளுக்கும் கொடுக்கத் தொடங்கினார்கள்.

*

பதினாறில் பத்து

1948 ஜூன் 3. 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' இதழில் ஃபார்பரும், லூயிஸ் டயமண்ட் உள்ளிட்ட நான்கு மருத்துவர்களும் எழுதிய கட்டுரை வெளியானது. 16 குழந்தைகளுக்கு அமினோப்டெரின் கொடுத்தோம், 10 பேருக்குக் குறிப்பிடத்தக்க முன்னேற்றம் தெரிந்தது என்று எழுதியிருந்தார்கள். ஐந்து குழந்தைகளின் வரலாற்றை விரிவாகக் கொடுத்திருந்தார்கள்.

தலைப்பின் முதல் சொல்லே எச்சரிக்கை: 'தற்காலிக'. குணமாக்கினோம் என்று அவர்கள் எங்கும் சொல்லவில்லை. வாய் முழுக்கப் புண், குடலில் ரத்தக்கசிவு, நல்ல வெள்ளணுவும் சேர்ந்து விழுதல் என்று மருந்தின் கேடுகளையும் வரிசையாக எழுதினார்கள். மருத்துவ உலகில் பலர் நம்பவில்லை. தீவிர ரத்தப் புற்றுநோய் பின்வாங்குவதா? நோயறிதலில் தவறு இருக்கும் என்றார்கள். ஆனால் வேறு ஊர்களிலும் மருத்துவர்கள் கொடுத்துப் பார்த்தார்கள், அங்கேயும் அது நடந்தது.

அந்தக் கட்டுரையை நம் ஊர்க் கண்ணோடு பார்க்கும்போது எனக்கு மனதில் தைப்பது ஒன்றுண்டு. திருவேங்கடம் வட்டாரத்துப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளுக்கு வாரந்தோறும் கொடுக்கும் நீல மாத்திரையிலும், கர்ப்பிணிகளுக்குச் செவிலியர் அக்கா எண்ணிக் கொடுக்கும் சிவப்பு மாத்திரையிலும் இரும்புச்சத்தோடு 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலம் இருக்கிறது. புற்றுநோய் மருத்துவமனையில் பிள்ளைக்கு முதுகுத்தண்டு வழியாக ஏற்றும் மருந்தும் அதே மூலக்கூறின் போலிதான். வைட்டமினும் அதன் பகைவனும் ஒரே கூட்டத்தார் கையிலிருந்து, இரண்டே ஆண்டு இடைவெளியில் வந்தவை. அந்தக் கூட்டத்தை நடத்தியவர் சென்னையில் படித்த, கதர் உடுத்தியதற்காகப் பட்டத்தை இழந்த மனிதர். நம் பள்ளிப் பாடநூல்களில் அவருக்கு இருக்க வேண்டிய இடம் இன்னும் கிடைக்கவில்லை. யானைக்கால் நோய்க்கு நாம் விழுங்கிய டி.இ.சி. மாத்திரையும் அவர் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததுதான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

*

ஆகஸ்ட்

கட்டுரை வெளியாகி இரண்டு மாதம்தான் ஆகியிருந்தது. 1948 ஆகஸ்டில் சுப்பாராவ் மாரடைப்பால் இறந்தார். வயது 53. அமெரிக்காவில் 26 ஆண்டு வாழ்ந்தும் அந்நாட்டுக் குடிமகனாக ஆகாமலேயே போனார்.

அவருடைய தோழர்கள் வேலையை நிறுத்தவில்லை. சீகர் குழு அமினோப்டெரினில் ஒரு மெத்திலைக் கூடுதலாகச் சேர்த்த வடிவத்தையும் செய்திருந்தது. அமினோப்டெரினைவிட அளவு பிடிப்பது இதில் எளிதாக இருந்தது. கேடும் கைக்குள் அடங்கியது. முதலில் அமெத்தோப்டெரின் என்றார்கள். இன்று அதை மெதோட்ரெக்ஸேட் என்று உலகம் அறியும். 1950-களில் அமினோப்டெரின் பின்னுக்குப் போக, மெதோட்ரெக்ஸேட் அந்த இடத்துக்கு வந்தது.

அந்தப் பெயரைக் கேட்டதும் வாசகர்களில் சிலர் நிமிர்ந்திருப்பீர்கள். முடக்குவாதத்துக்கும் சொரியாசிஸுக்கும் கொடுக்கிற மாத்திரை அல்லவா இது என்று. அதே மருந்துதான். புற்றுநோய்க்குக் கொடுப்பதில் சிறு பங்கே அதற்கு அளவு. வாரத்துக்கு ஒரே நாள். கேட்டைக் குறைக்க வேறொரு நாளில் ஃபோலிக் அமில மாத்திரையையும் சேர்த்தே எழுதிக் கொடுப்பார்கள். அணுக்களைப் பட்டினி போடும் பகைவன் சிறிய அளவில் எப்படி நோயெதிர்ப்பு மண்டலத்தின் கோபத்தைத் தணிக்கிறான் என்பது தனிக் கதை, அதற்கு இரண்டு வாரம் ஒதுக்கியிருக்கிறேன். அதுவரை காத்திருக்க முடியாத ஒரு வேண்டுகோள் மட்டும்: வீட்டில் யாராவது இந்த மாத்திரை எடுத்துக்கொண்டால், கிழமையை அட்டையில் பெரிதாக எழுதி வையுங்கள். தினமும் போடும் மாத்திரை என்று தவறாக நினைத்துப் போட்டு உயிரிழந்தவர்கள் பல நாடுகளில் உண்டு.

பாஸ்டனுக்குத் திரும்புவோம்.

டார்செஸ்டர் சிறுவன் சில மாதங்கள் மற்றப் பிள்ளைகளைப் போலவே இருந்தான். 1948-லேயே நோய் திரும்பி வந்தது. அவனுக்கு மட்டுமல்ல, தேறிய மற்றக் குழந்தைகளுக்கும் வந்தது. அமினோப்டெரினை மீண்டும் கொடுத்தார்கள். அதே தூள், அதே கைகள். இந்த முறை வெள்ளணு இறங்கவில்லை. சிறுவன் இறந்தான்.

முதல் முறை மண்டியிட்ட புற்று அணு இரண்டாம் முறை மருந்தை எப்படிக் கண்டுகொண்டது? மருந்தை உள்ளே விடாமல் கதவை அடைத்ததா, நிற்கவைத்த நொதியை இன்னும் அதிகமாகச் செய்துகொண்டதா, அல்லது மருந்து போய்ச் சேர முடியாத ஏதோ ஓரிடத்தில் முதலிலிருந்தே ஒளிந்திருந்ததா?

(தொடரும்)